பெட்டி மிஸ்ஸும் நான் அடித்த நம்பரும்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் என் மனைவிக்கு வைத்த பெயர் பெட்டி மிஸ். அடையாள அட்டையில் அவளுடைய பதவி இரண்டு வரிக்கு நீளும். அதைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பெட்டி மிஸ் என்றால் வாட்ச்மேனுக்குக்கூடப் புரியும். பச்சை பெயின்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று, மூடியில் தாள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, பக்கத்தில் பூட்டு. அதோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரின் பின்னால் அவள் போவதைப் பார்த்து, ஏதோ கோழிக்குஞ்சு வியாபாரம் என்று நினைத்தவர்களும் உண்டு.

அவளுடைய வேலை இதுதான். வருஷத்துக்கு இருபது பள்ளிகளில், ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ள பிள்ளைகளிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பாள். காலையில் சாப்பிட்டாயா, பல் தேய்த்தாயா என்று அது சாதுவாகத் தொடங்கும். மூன்றாம் பக்கத்தில் சிகரெட் வரும், நான்காம் பக்கத்தில் மது. ஐந்தாம் பக்கத்தில், பெற்றவர்கள் கேட்கக் கூசுகிற கேள்விகள் எல்லாம் வரிசையாக நிற்கும். யாருடனாவது உறவு கொண்டதுண்டா, ஆணுறை பயன்படுத்தினாயா, யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா. பெயர் எழுதக் கூடாது. விடைகளை வட்டமிட்டு, மடித்து, பச்சைப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். அதில் வரும் கணக்கை வைத்துத்தான் எந்த வயதுப் பிள்ளைக்கு எதைச் சொல்லித்தருவது என்று அவளுடைய ஆபீஸில் முடிவு செய்வார்கள். பிறகு அவளே போய் எச்.ஐ.வி. பற்றிய வகுப்பை எடுப்பாள். வாய்விட்டுக் கேட்க முடியாத சந்தேகங்களைச் சீட்டில் எழுதிப் போடத்தான் அந்தச் சின்ன டப்பா.

நாற்பது பேரில் நாலு பேர் விளையாட்டுக்கு எழுதுவார்கள். உயரம் ஏழடி, எடை இருபது கிலோ, தினமும் முப்பது சிகரெட் என்று ஒருவன் போட்டிருப்பான். இந்த மாதிரி வீரர்களைப் பிடிப்பதற்கென்றே, உலகத்தில் இல்லாத ஒரு போதை மாத்திரையின் பெயரைக் கேள்விகளுக்கு நடுவில் செருகி வைத்திருக்கிறார்கள். அதற்கும் 'ஆம், அடிக்கடி' என்று வட்டமிட்டிருந்தால் அந்தத் தாள் கணக்கில் சேராது. "பொய் சொல்றவன் எல்லாத்துக்கும் ஆமாம்னு போட்டுட்டு முதல் ஆளா எழுந்திருப்பான். உண்மை சொல்றது கஷ்டங்க. ஒரு இடத்துல வட்டம் போட்டு, அடிச்சு, மறுபடி அதே இடத்துல போட்டிருக்கும்" என்பாள் என் மனைவி. அப்படி அடித்துத் திருத்திய தாள் என்றால் அவளுக்குத் தனி மரியாதை.

இதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரி பரிசோதனை மையத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு நாள் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், சட்டை தொளதொளவென்று தொங்க, வந்து கையை நீட்டினான். தனக்கு நோய் இருக்கும் என்று அவனுக்கு இரண்டு வருஷமாகவே சந்தேகம். "அப்புறம் ஏன் தம்பி வரலை?" என்று இவள் கேட்டாள். "வந்து என்ன ஆகப்போகுது, சாகத்தானே போறோம்னு இருந்துட்டேன்" என்றான். இதற்கு மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், கிழவனாகும் வரை வாழலாம் என்பதை அவனுக்கு யாருமே சொல்லவில்லை. பத்து வருஷம் பள்ளியில் படித்தவன். அவன் பிழைத்துக்கொண்டான், இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பள்ளிக்கூடத்துல ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் யாராவது சொல்லியிருக்கலாம்ங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுத்த மாதமே இந்த வேலைக்கு மனுப் போட்டுவிட்டாள்.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன். நான் அச்சகம் நடத்துகிறவன். கடைவீதியில் நாலு பேர் என்னை மதிக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு என் மனைவி, "ஆணுறை, ஆணுறை, ஆணுறை" என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். "என்னடி இது கூத்து?" என்றேன். "சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருது. நான் சிரிச்சா பசங்க கொல்லுனு சிரிச்சுடுவாங்க. நூறு தடவை சொன்னா சோப்பு, சீப்பு மாதிரி ஆயிடும்" என்றாள். அப்படியே ஆகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சீப்பு மாதிரித்தான் சொல்வோம், ஒன்பதாவது படிக்கிற என் மகள் உட்பட. அடுத்த தெருவில் இருக்கிற என் அக்காவுக்கு மட்டும் இன்னும் காது சிவக்கும். "உன் பொண்டாட்டிக்கு ஒரு கணக்குப் பாடம், ஒரு பூகோளம் கிடைக்கலையாடா?" என்று கேட்டாள். கேட்டவள்தான், தன் பையனுக்கு மீசை அரும்பியதும் அவனைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, "நாத்தனார் பிள்ளைன்னு பாக்காம எல்லாத்தையும் சொல்லிக்குடு" என்று காய்கறி வாங்கப் போய்விட்டாள்.

அவள் வகுப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கை குலுக்கினால் வராது, கொசு கடித்தால் வராது. பாதுகாப்பில்லாத உறவால் வரும், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் வரும், கிருமி உள்ள ரத்தத்தை ஏற்றினால் வரும், தாயிடமிருந்து குழந்தைக்கு வரலாம். "சந்தேகம் இருந்தா யூகிச்சுக்கிட்டு உக்காரக் கூடாது, போய்ச் சோதிச்சுப் பாக்கணும்" என்று முடிப்பாள். கோபமே இல்லாத குரல். அந்தக் குரல் எனக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இனி என் பெருமையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் இருக்கிறது. எங்கள் அச்சகத்தில் பெரும்பாலும் பில் புத்தகம், ரசீதுப் புத்தகம். பில் புத்தகத்துக்கு உயிர் அதன் வரிசை எண். எல்லாம் அடித்து முடித்த பிறகு, நம்பர் மெஷினில் ஒவ்வொரு தாளாகக் கொடுக்க வேண்டும். டக், டக்கென்று சிவப்பு மசியில் எண் விழும், தானாக அடுத்த எண்ணுக்கு நகரும். இருபது வருஷத்தில் ஓர் எண் விட்டுப்போனதில்லை, ஓர் எண் இரண்டு முறை விழுந்ததில்லை. எண் இல்லாத தாளைப் பார்த்தால் எனக்குப் பொத்தான் போடாத சட்டையைப் பார்க்கிற மாதிரி கை பரபரக்கும். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டியிருக்கிறேன். "அப்பா, பதினாலுல உப்பு தீந்துபோச்சு" என்று என் மகள் கிண்டல் செய்வாள். இன்னொரு குணமும் உண்டு. அச்சடிக்க வருகிற எதையும் படிக்காமல் விடமாட்டேன். யார் வீட்டில் என்ன, யார் கடை யார் கைக்கு மாறுகிறது என்பது ஊரில் முதலில் தெரிவது எனக்குத்தான்.

இந்த வருஷம் கேள்வித்தாள் அடிக்கும் வேலை எங்கள் அச்சகத்துக்கு வந்தது. அவள் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கமாக அடிப்பவருக்கு மெஷின் பழுது என்று அவளுடைய மேலதிகாரியே என்னைத் தேடி வந்தார். எட்டுப் பக்கம், நானூறு பிரதி. மாதிரித் தாளை என் மனைவிதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், இரண்டு எழுத்துப் பிழைகளைப் பிடித்துக் கொடுத்தாள். நான் திருத்தி அடித்து, மடித்து, பின் அடித்து அடுக்கினேன். அடுக்கி வைத்த தாள்களைப் பார்த்தேன். மொட்டையாக இருந்தன. கேட்காமலே ஒரு நல்ல காரியம் செய்வோம் என்று, கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில், பார்வைக்கு உறுத்தாத அளவில், ஒன்று முதல் நானூறு வரை நம்பர் அடித்துவிட்டேன். நாற்பது நாற்பதாக வரிசை மாறாமல் கட்டி, பழுப்புக் காகிதத்தில் சுற்றினேன். இந்தக் கூடுதல் வேலையால் தாமதமாகி, திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில்தான் கட்டுகளை அவளிடம் கொடுத்தேன். அன்றைக்குப் பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு மட்டும்தான்; மீதியைத் தலைமை ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு ஒரு கட்டோடு ஓடினாள், பக்கம் பக்கமாகப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. நானும் சொல்லவில்லை. பார்த்ததும் சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அவள் அச்சகத்துக்குள் வந்த வேகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. பச்சைப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"டப்பாவுல வர்ற சீட்டை நான் யார்கிட்டயும் காட்டினதில்ல. உங்ககிட்டகூட. இதைப் படிங்க. இது உங்களுக்கு வந்தது."

பென்சிலில், எழுத்தை மாற்றி எழுதிய கோணல் எழுத்தில் இருந்தது: 'பேர் எழுத வேண்டாம்னு சொன்னீங்க மிஸ். கடைசிப் பக்கத்துல நம்பர் இருக்கு. நான் எல்லாத்தையும் உண்மையா போட்டு முடிச்ச பிறகுதான் பாத்தேன். பெட்டியில போட்டுட்டேன். இப்ப நான் என்ன பண்றது?'

சீட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"நம்பர்தானே" என்றேன், ஏதோ சொல்ல வேண்டுமே என்று. "யாருக்கு எந்த நம்பர்னு யாருக்குத் தெரியும்?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல எந்தப் பேப்பர் குடுத்தாலும் பரீட்சை மாதிரி ரோல் நம்பர் வரிசையில உக்கார வைப்பாங்க. நான் முதல் பெஞ்சிலேருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் வரிசையாக் குடுத்தேன். நீங்க வரிசையாக் கட்டி வெச்சிருக்கீங்க. ஒண்ணுகூட மாறலை. அவ்வளவு சுத்தமான வேலை."

என் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் பாராட்டு.

"சரி, விடு. பெட்டியைத் திற. கட்டிங் மெஷின்ல வெச்சு கீழ் ஓரத்துல அரை அங்குலம் எடுத்துடறேன். பத்து நிமிஷ வேலை. நம்பரே இருக்காது" என்றேன்.

"நீங்க வெட்டறதை அந்தப் பிள்ளை பாக்குமா?" என்றாள். "வெட்டறதுக்கு முன்னாடி நான் பாத்தேனா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? பதினோரு வருஷமா ஒரே ஒரு வாக்கு குடுத்திட்டிருக்கேன். யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு. அதை வெச்சுத்தான் அதுங்க வாயைத் திறக்குது. இப்ப ஒரு பிள்ளை வீட்டுல போய் சோறு இறங்காம உக்காந்திருக்கும். அது ஆணா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது. கூப்பிட்டு, பயப்படாதேன்னு சொல்லவும் முடியாது."

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

ஆபீஸுக்கு அங்கிருந்தே போன் செய்தாள். அடையாளம் விழுந்த தாள்களை என்ன செய்வது என்பதற்கு விதி இருக்கிறதாம்: பிரிக்காமல் அழித்துவிட்டு அறிக்கை எழுத வேண்டும். அந்த வகுப்பில் மறுபடி எழுத வைக்கலாமா என்று இவள் கேட்டாள். முயன்று பார், ஆனால் ஒரு தடவை சூடு பட்ட பிள்ளைகள் வெறும் தாளைத்தான் மடித்துப் போடும் என்றார் மேலதிகாரி. போனை வைத்துவிட்டு என் மேஜையிலேயே உட்கார்ந்து அறிக்கையை எழுதினாள். பழக்கதோஷத்தில் எட்டிப் படித்தேன். 'கடைசிப் பக்கத்தைச் சரிபார்க்காமல் விநியோகித்தது என் தவறு' என்று இருந்தது. அச்சகம் என்ற சொல்லே இல்லை.

"நான்தானே அடிச்சேன்? என் பேரைப் போடு" என்றேன்.

"உங்களுக்கு விதி தெரியாது. எனக்குத் தெரியும். பாக்காம குடுத்தது நான்" என்றாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, "ஆனா நாளைக்கு நீங்களும் வரீங்க" என்றாள்.

"எங்கே?"

"பதினொண்ணாம் வகுப்பு பி பிரிவுக்கு. நம்பர் அடிச்ச மனுஷன் யாருன்னு அதுங்க பாக்கட்டும்."

மறுநாள் தலைமை ஆசிரியர் அறையில் நாங்கள் இரண்டு பேரும், நடுவில் பச்சைப் பெட்டியும். அவர் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர்தான், பிள்ளைகளின் வீட்டு நிலவரமெல்லாம் தெரிந்து வைத்திருப்பவர். என் மனைவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் மேஜைமேல் கிடந்த மீதிக் கட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கட்டு நூத்தி அறுபதுல முடியுது, இது இருநூத்தி ஒண்ணுல ஆரம்பிக்குது. அப்ப பி பிரிவுக்குக் குடுத்தது நூத்தி அறுபத்தொண்ணுலேருந்து இருநூறு. நூத்தி அறுபதைக் கழிச்சா ரோல் நம்பர்" என்றார். காகிதம்கூடத் தேவைப்படவில்லை அவருக்கு.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அழிக்கத்தானே போறீங்க மேடம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நான் பாத்துக்கறேனே. அந்த வகுப்புல சில பிள்ளைங்களைப் பத்தி எனக்குக் கவலை இருக்கு. யாருன்னு தெரிஞ்சா தனியாக் கூப்பிட்டு நல்லதாச் சொல்லுவேன். திட்டமாட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. நாற்பது பிள்ளைகளின் ரகசியம் ஒரு கை தூரத்தில், ஒரு சின்னப் பூட்டுக்குள். என் மனைவி பெட்டியை மேஜையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லதுதான் சொல்லுவீங்க சார், எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு நல்லது நடக்கும். அடுத்த வருஷம் ஒரு பிள்ளைகூட உண்மையை எழுதாது. அதுக்கப்புறம் உங்களுக்கும் எனக்கும் எதுவுமே தெரியாமப் போயிடும்."

அவர் மீதிக் கட்டுகளை என் பக்கம் தள்ளினார். "இரண்டாவது பீரியட் எடுத்துக்குங்க. ஒரு வாளி வேணும்னீங்களே, பியூனைக் கொண்டாரச் சொல்றேன்" என்றார்.

நாற்பது ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்யாண மேடையில்கூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை. என் மனைவி, "இவர் அச்சகம் வெச்சிருக்கார். உங்க கேள்வித்தாளை அடிச்சது இவர்தான். என் வீட்டுக்காரர்" என்றாள். பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"நான் பில் புக் அடிக்கிறவன். எதைப் பாத்தாலும் நம்பர் போடற புத்தி. யாரும் கேட்கலை. உங்க மிஸ்ஸுக்குத் தெரியாது. கடைசிப் பக்கத்துல இருந்தது என் வேலை. தப்புதான். மன்னிச்சுக்குங்க" என்றேன். பேசத் தயார் செய்து வைத்திருந்த இன்னும் ஐந்தாறு வாக்கியங்கள் எங்கோ போய்விட்டன.

ஒரு பெண் எழுந்தாள். "நேத்து மத்தியானத்துலேருந்து இப்ப வரைக்கும் பெட்டி எங்க இருந்துது மிஸ்?"

"இவர் அச்சகத்துல என் கண் முன்னாடி, அப்புறம் எங்க வீட்டுல, அலமாரிக்குள்ள. சாவி என்கிட்ட. நான் திறக்கலை. பூட்டுமேல ஒட்டின காகிதத்துல உங்க வகுப்பு லீடர் கையெழுத்து இருக்கு. வந்து பாத்துக்கோ."

லீடர் வந்து பார்த்தான். அந்தப் பெண்ணும் வந்து பார்த்தாள். சந்தேகப்படுகிற பிள்ளைகளை என் மனைவிக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் முகத்தில் அது தெரிந்தது. பூட்டைத் திறந்தாள். மடித்த தாள்களைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து எண்ணினாள். நாற்பது. மேஜை மேலேயே அவளும் நானும், மடிப்புக் கலையாமல் நாலாக, எட்டாகக் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டோம். என் கையால் அடித்து, மடித்து, பின் போட்ட தாள்கள். கிழித்தும் போதவில்லை. பால்பாயின்ட் மசி தண்ணீரில் கரையாது என்பது அச்சுத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியாதா? சட்டைக் கையை மடித்துவிட்டு, முட்டிபோட்டு உட்கார்ந்து, வாளிக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிசைய ஆரம்பித்தேன். தாள் கூழாகிற வரைக்கும் பிசைந்தேன். முதலில் இறுக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், நான் மூச்சிரைப்பதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். "அண்ணே, இந்தப் பக்கம் ஒரு துண்டு தெரியுது" என்று ஒருவன் முன்னால் வந்து காட்டிக்கொடுத்தான். காட்டிக்கொடுத்ததற்கு அவனையும் கையை விடச் சொன்னேன். பிறகு ஏழெட்டுப் பேர் வாளியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

புதுத் தாள்களை முதல் நாள் சாயங்காலமே தனியாக அடித்து வைத்திருந்தேன். என் மனைவி ஒரு பிள்ளையிடம் கட்டைக் கொடுத்தாள். எட்டுப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, சீட்டுக் கட்டைப் போல் கலைத்து விநியோகிக்கச் சொன்னாள். யாரும் ரோல் நம்பர் வரிசையில் உட்கார வேண்டாம், பிடித்த இடத்தில் உட்காருங்கள் என்றாள். பெஞ்சுகள் கிறீச்சிட்டு, வகுப்பே இடம் மாறியது.

"எழுத விருப்பம் இல்லைன்னா வெறும் தாளை மடிச்சுப் போடலாம். அதுலயும் தப்பில்ல. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள்.

"போன தடவை போட்டதையே போடணுமா மிஸ்?" என்று ஒரு குரல்.

"நேத்து உண்மையைப் போட்டிருந்தா, அது இன்னிக்குள்ள மாறியிருக்காது" என்றாள்.

அவள் வகுப்பில் எழுதும் நேரத்துக்கு ஆசிரியர் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. என்னையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். வராந்தா பெஞ்சில் தலைமை ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். ஈரக் கையோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் அந்த வயசுல இருந்தா வெறும் தாளைத்தான் போட்டிருப்பேன்" என்றார் அவர். "நான் ஏழடி உயரம்னு போட்டிருப்பேன் சார்" என்றேன். சிரித்தார். ஆனால் என் கவலை வேறு. நாற்பது வெள்ளைத் தாளை அவள் வீட்டுக்குத் தூக்கிவர வேண்டியிருந்தால், பதினோரு வருஷத்தை நான் ஒரு நம்பர் மெஷினால் நசுக்கிவிட்டேன் என்றுதானே அர்த்தம்? அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்ட மாட்டாள். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பெட்டியோடு வந்தவள் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியை ஆபீஸில்தான் திறப்பார்கள். வியாழக்கிழமை வரை காத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் வீட்டில் நான் கேட்காமலே பாத்திரம் துலக்கினேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மகள் அவளிடம் விசாரித்தாள்.

வியாழக்கிழமை அவள் அச்சகத்துக்கு வந்து என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனை வெறும் தாள்?" என்றேன்.

"ஒண்ணுகூட இல்ல."

"ஏழடிக்காரன்?"

"ஒருத்தன் இருக்கான். அவனும் ஆறரைதான் போட்டிருக்கான்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிறையத் தாள்ல அடிச்சுத் திருத்தியிருக்குதுங்க. இவ்வளவு அடிச்சுத் திருத்தின வகுப்பை நான் பாத்ததே இல்ல."

அந்தப் பிள்ளைகளுக்கு நான் யார்? இருந்தாலும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவள் அதே வகுப்பில் எச்.ஐ.வி. பாடத்தை நடத்தினாள். சின்ன டப்பாவில் வந்த சீட்டுகளுக்கெல்லாம் பதில் சொன்னாளாம். என்ன சீட்டு, என்ன பதில் என்று வழக்கம் போல ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. சாப்பிடும்போது மட்டும், "புதன்கிழமை சாயங்காலம் என்னைப் பரிசோதனை மையத்துல விடணும்" என்றாள்.

"அங்கே உனக்கு என்ன வேலை இப்போ?"

"வேலை இல்ல. சும்மா உக்காந்திருக்கணும். அங்கே இருப்பேன்னு வகுப்புல சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட?"

"நாற்பது பேர்கிட்டயும்" என்றாள், தட்டை எடுத்துக்கொண்டு.

எனக்கு மண்டைக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. அந்தக் கோணல் எழுத்துப் பிள்ளையோ? எழுந்து நின்று கேள்வி கேட்ட பெண்ணோ? வாளிக்குள் கையை விட்ட பையன்களில் ஒருவனோ? புதன்கிழமை வரை அந்த நாற்பது முகங்களும் எனக்குள் வந்து வந்து போயின. இருபது வருஷமாக ஊர் விஷயத்தையெல்லாம் படித்தே வளர்த்த புத்தி, சொன்னால் கேட்கிறதா?

புதன்கிழமை மையத்தின் வாசலில் அவளை இறக்கிவிட்டேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அது. நீலக் கதவு, இரண்டு படி, ஒரு தண்ணீர்க் குழாய். பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் படியேறப் போனவள் திரும்பி வந்தாள்.

"இங்க நிக்காதீங்க. உங்க முகம் அதுங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"போறேன், போறேன்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். ஸ்கூட்டரைக் கிளப்பினேன், சனியன் ஒரு உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது, பின்னால் சரளைக் கல்லில் பள்ளிக்கூட ஷூக்களின் சத்தம் கேட்டது. மெதுவாக வந்தது. கொஞ்சம் நின்றது. என் முதுகைப் பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும். என் எதிரே ஸ்கூட்டர் கண்ணாடியில் நீலக் கதவு முழுசாகத் தெரிந்தது. இன்னும் நாலு அடி வைத்தால் அந்த முகமும் தெரிந்துவிடும்.

கண்ணாடியைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பினேன். சத்தம் கேட்கும்படியே திருப்பினேன். வண்டியைக் கிளப்பாமல், தலையைக் குனிந்துகொண்டு, என் செருப்பையே பார்த்தபடி நின்றேன். ஷூ சத்தம் மறுபடி தொடங்கி, என் முதுகுக்குப் பின்னாலேயே கடந்து, இரண்டு படி ஏறியது. கதவு திறந்தது. "வா, வா, உக்காரு" என்று என் மனைவியின் குரல், எனக்குக் கிடைக்காத அந்தக் குரல், ஒரு நொடி வெளியே கேட்டது. பிறகு கதவு சாத்திக்கொண்டது. நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டேன்.